தீவுக்குப் போவதை யாரிடமும் சொல்லாதே

மகனே,

இதை நீ வாசிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும். தமிழ் வாசிக்கவும் தெரிந்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தெரியாவிட்டால் யாரையாவது பிடித்து வாசிப்பித்துக் கேள். இப்போது உனக்கு ஐந்தரை வயது. பக்கத்து அறையில் இரண்டு காலையும் சுவரில் முட்டுக்கொடுத்தபடி நித்திரை கொள்கிறாய். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் என்ற ஊரில், இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. கதவோரம் பைகளைக் கட்டி வைத்திருக்கிறோம். நாளை மறுநாள் காலை பில்லுண்ட் விமான நிலையத்திலிருந்து கிரேக்க நாட்டின் கோஸ் என்ற தீவுக்கு ஒரு கிழமை விடுமுறைக்குப் போகிறோம். அடுத்த சனிக்கிழமை திரும்பி வருகிறோம். இந்த இரண்டு வசனங்களையும் எழுதுவதற்குள் பேனையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். கடலுக்குக் குளிக்கப் போவதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீ சிரிக்கலாம். சிரி. ஆனால் வாசித்து முடித்துவிட்டுச் சிரி.

இந்தப் பயணம் அப்பாவின் தளபாடத் தொழிற்சாலையில் தொடங்கியது. அங்கே அப்பாவோடு ஒரே மேசையில் வேலை செய்கிற ப்ரேபன் என்ற டேனிஷ்காரர், பனி கொட்டுகிற ஒரு நாளில், மினுமினுப்பான ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். விடுமுறைப் பயணங்களுக்கான புத்தகம். இந்த நாட்டுச் சனம் மாரி நடுவில் இருந்துகொண்டே வெயிலுக்குத் திட்டம் போடும். எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் ஜேர்மனியில் இருக்கிற சொந்தக்காரர் வீடு. ரயிலில் போய், அங்கே நிலத்தில் வரிசையாகப் படுத்து, வீடியோவில் படம் பார்த்து, வந்த சனத்துக்கெல்லாம் சமைத்துக் களைத்துத் திரும்பி வருவது. நாங்கள் அதற்கும் ஒருநாளும் போனதில்லை. ஆளறியாத ஊரில், சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத இடத்தில், சும்மா இருப்பதற்குப் போவதை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அப்பா புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தார்.

"இஞ்சரும், இதைப் பாரும்."

"என்னது?"

"கடல்."

"கடல் பாக்க உவ்வளவு தூரம் போகவேணுமே? கீழை இறங்கி நடந்தாக் கடல்தானே."

"உது குளிர்கடல். இது சுடுகடலப்பா. கால் வைச்சா விறைக்காது."

"சுடுதண்ணி வேணுமெண்டால் குளியலறையிலை வருது."

"உம்மோடை கதைச்சு வெல்லேலாது" என்றார். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. அடுத்த நாளும் அது மேசையில் இருந்தது. ப்ரேபன் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆவணி கடைசியில் போகவேண்டும். இங்கே பள்ளிக்கூடங்கள் தொடங்கிவிடும், சனம் குறைந்துவிடும், விலையும் இறங்கிவிடும், ஆனால் கோடை முழுக்க வெயில் குடித்த கடல் மட்டும் சூடாகவே இருக்கும். நீ இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்காததால் அப்படிப் போக எங்களுக்கு இதுதான் கடைசி வருடம். தீவில் சமையலறையோடு ஒரு அறை எடுக்கலாம். ஒரு நாளைக்கு வள்ளத்தில் ஏறிப் பக்கத்துத் தீவுகளையும் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பலாம். "ப்ரேபன் சொல்றான், நான் இஞ்சை வந்ததுக்கு லீவெண்டு ஒரு நாளும் எடுக்கேல்லையாம். தன்ரை மேசை என்னைப் பாத்துப் பாத்துக் களைச்சுப்போச்சாம்" என்றார் அப்பா.

உனக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன்: யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் படித்துப் பட்டம் எடுத்தவள். ரியூசன் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். மத்தியதரைக் காலநிலை என்று கரும்பலகையில் எழுதி, அதற்குக் கீழே கோடை வறட்சி, மாரி மழை, ஒலிவ், திராட்சை, தோடை என்று எழுதி, கீறிக் காட்டியிருக்கிறேன். கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். பார்த்ததில்லை. அதனால் அப்பா அந்தத் தீவின் பெயரைச் சொன்னதும் நூலகத்துக்குப் போய் ஒரு தேசப்படப் புத்தகம் இரவல் எடுத்து வந்தேன். அந்தக் கடலில் கோடை கடைசியில் வடக்கிலிருந்து ஒரு வறண்ட காற்று வீசும். வானம் நீலமாக இருக்கும், மழைக்குறி ஒன்றும் இருக்காது, ஆனால் அலை ஆள் உயரத்துக்கு எழும்பும், சின்ன வள்ளங்களை ஓடவிடமாட்டார்கள். இதை அப்பாவுக்குச் சொன்னேன். "உமக்கு உது பாடம், எனக்கு லீவு" என்றார். பிறகு படத்தில் இன்னொன்றைக் கண்டேன். கோஸ் தீவுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், துருக்கி. ஒரு கரையில் நின்றால் அடுத்த நாட்டின் கரை தெரியும் கடல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட கடலில் நேவி நிற்கும். ஊரில் தீவுப் பகுதிக்கு வள்ளத்தில் போகும்போது தூரத்தில் ஒரு சாம்பல் நிறப் படகு தெரிந்தால் போதும், வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு குனிந்துவிடுவோம். பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்துவார்கள். அலைச் சத்தத்தில் பிள்ளை அழுதால் யாருக்குக் கேட்கப்போகிறது? ஆனாலும் பொத்துவார்கள்.

கடல் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைப்பது. அதை நீ விளங்கிக்கொள்ள, நாங்கள் இங்கே வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பா புறப்பட்டபோது நீ என் வயிற்றில் இருந்தாய். அவர் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து, அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டார். அப்படி ஏற்றுக்கொண்டால் மனைவியையும் பிள்ளையையும் அழைக்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். அப்பா விண்ணப்பித்தார். நான் நீ பிறந்த நாளிலிருந்து புறப்படத் தயாராக இருந்தேன். நீ குப்புறப் படுத்தாய், தவழ்ந்தாய், நடந்தாய், கதைத்தாய். பதில் வரவில்லை. இல்லை என்று ஒரு சொல் வந்திருந்தால் அழுதுவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். 'இல்லை' என்று ஒருவரும் சொல்லவில்லை, பொறுத்திருக்கச் சொன்னார்கள்; நீ நாலு வயதை எட்டுகிற நேரத்தில்தான் அனுமதி வந்தது. எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி மேலிருந்து சொல்லப்பட்டிருந்தது என்று பிறகுதான் வெளியே வந்தது. யார் சொன்னது, யாருக்குத் தெரிந்திருந்தது என்று நீதிபதிகள் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழர் வழக்கு என்று தினமும் வானொலியில் சொல்கிறார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்கிறேன். எல்லாம் விளங்குவதில்லை. 'தமிழர்' என்ற சொல் வரும்போது மட்டும் கை நின்றுவிடும். எங்களுக்காகத்தான் விசாரிக்கிறார்கள், நல்லதுதானே என்று அப்பா சொல்வார். நல்லதுதான். ஆனால் சட்டம் தாளில் இருக்கும்போதே கதவைச் சாத்தி வைக்கலாம் என்பதை நான் ஒருமுறை கண்டுவிட்டேன். கடவுச்சீட்டுக்குப் பதிலாக அகதிகளுக்குத் தருகிற எங்கள் பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று அச்சடித்திருக்கிறது. போகலாம், சரி. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் அந்தப் புத்தகத்தை விரித்துப் பார்த்து, கொஞ்சம் பொறுத்திருங்கள் என்று சொன்னால்?

இதே கேள்வியோடு சிவம் அண்ணை வந்தார். கீழ் வீட்டில் இருக்கிறார், அப்பாவின் ஊர்க்காரர். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். தேத்தண்ணி குடிக்க இருந்தவரின் கண்ணில் மேசையில் கிடந்த விடுமுறைப் புத்தகம் பட்டுவிட்டது.

"தங்கச்சி, உங்களுக்கென்ன விசரே? இண்டைக்கு ஒரு சட்டம், நாளைக்கு ஒரு சட்டம். நீங்கள் அங்கை கடலுக்கை நிக்கேக்கை இஞ்சை மாத்திப்போட்டாங்களெண்டால்?"

அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணை, மாத்தினாலும் உடம்பைத் துடைச்சுப்போட்டு வர விடுவாங்கள்தானே."

"நீ பகிடி விடு. நாலு வருசம் பெண்சாதியின்ரை முகம் காணாமல் இருந்தவன் நீ. நானும் இருந்தனான். எனக்கு எல்லைக்கு அங்காலை ஜேர்மனிக்கு ஒரு கலியாணத்துக்குப் போகவே பயமாக் கிடக்கு."

"அதுக்காக எப்பவும் வீட்டுக்கையே குந்தியிருக்கிறதே?"

"குந்தியிருக்க ஒரு வீடு கிடைச்சுதே, அதைச் சொல்லு" என்றார் சிவம் அண்ணை. அவர் போன பிறகும் அந்தக் கதை வீட்டுக்குள் நின்றது. மாரி போய், வசந்தம் போய், அப்பா எல்லா இடமும் ஏறி இறங்கினார். காவல் நிலையத்தில் கேட்டார், கிரேக்கத் தூதரகத்துக்கு எழுதினார், விசா முத்திரை வாங்கினார், பயண முகவரிடம் பதிந்தார். ஒவ்வொன்றும் சரிவரச் சரிவர எனக்குப் பயம் கூடியது. ஏதாவது ஒன்று பிழையாகிவிடட்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். ஒன்றும் பிழையாகவில்லை. அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, "அப்பன், நாங்கள் போறதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை, என்ன?" என்றேன். நீ தலையாட்டினாய். ஏன் என்று கேட்கவில்லை. நீ எதற்கும் ஏன் என்று கேட்கிற பிள்ளை. அன்று கேட்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான் அப்படிச் சொன்னது யோசித்துச் சொன்னதல்ல. எங்கள் ஆட்களின் கை தானாகச் செய்கிற காரியம் அது. போகிற விசயம் வெளியில் தெரிந்தால் கண்ணூறு பட்டுப் பயணம் குழம்பும் என்பார்கள். ஊரில் அந்த வருடங்களில் கண்ணூறோடு மட்டும் அது நிற்கவில்லை. வெளிநாடு போகிற வீட்டில் காசு இருக்கும் என்று ஒருவன் வருவான்; ஏன் போகிறாய், யாரைக் கேட்டுப் போகிறாய் என்று இன்னொருவன் வருவான். அதனால் போகிறவர்கள் ஒருவரும் போவதாகச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நேற்று விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை இன்று இருக்காது. அம்மி, உலக்கை, தையல் மெசின் எல்லாம் ஒவ்வொன்றாக, இரவலாகக் கொடுப்பதுபோல, முதலே கைமாறிவிட்டிருக்கும். நாங்களும் அப்படித்தான் புறப்பட்டோம். உனக்குக் கண்ணில் ஒரு கோளாறு, கொழும்பில் கண் டொக்டரிடம் காட்டப் போகிறோம் என்று அயலட்டைக்கெல்லாம் சொன்னேன். உனக்கு அப்போது நாலு வயது ஆகவில்லை. யார் கேட்டாலும் கண் டொக்டரிட்டை எண்டு சொல்லு என்று பழக்கினேன். வழியில் பஸ்ஸை மறித்த இடத்தில் தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரன் உன் கன்னத்தைத் தட்டி, எங்கே போகிறாய் என்று கேட்டான். நீ கண்ணை இடுக்கிக்கொண்டு, நான் பழக்காததையும் சேர்த்து, "கண் டொக்டரிட்டை. எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாய். அவன் சிரித்துக்கொண்டு போகவிட்டான். பஸ்ஸுக்குள் உன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கெட்டிக்காரன் என்று சொன்னேன். அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பிப் போகவில்லை. இங்கே வந்த பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி உன்னோடு ஒருநாளும் கதைத்ததும் இல்லை. நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். வீட்டின் நிறத்தை மறந்துவிட்டாய், கிணற்றை மறந்துவிட்டாய், அங்கே வளர்த்த பூனையின் பெயரைக்கூட மறந்துவிட்டாய். அதனால் எல்லாவற்றையும் என்றே நினைத்தேன்.

போன கிழமை பாலர் பாடசாலையிலிருந்து உன்னைக் கூட்டிவரப் போனபோது, உன் ரீச்சர் கிர்ஸ்டன் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு சின்னக் கதிரையில் இருத்தினார். பிள்ளைகளுக்கான கதிரை, முழங்கால் நெஞ்சில் முட்டியது. அவர் இன்னொரு சின்னக் கதிரையில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. டேனிஷில் மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். விடுமுறைக்குப் போய் வந்த பிள்ளைகளும் இனிப் போகப்போகிற பிள்ளைகளும் வட்டமாக இருந்து கதை சொன்னார்களாம். உன் முறை வந்தபோது நீ, "நாங்கள் கண் டொக்டரிடம் போகிறோம்" என்றாயாம். எங்கே என்று கேட்டதற்கு, தூரத்தில், விமானத்தில் போகவேண்டும் என்றாயாம்.

"அவனுக்கு அவ்வளவு மோசமா? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் கிர்ஸ்டன்.

பிள்ளை பொய் சொல்கிறது, தாய் பழக்கியிருக்கிறாள் என்று இவர் எங்காவது எழுதிவிடுவார். எழுதியது கொம்யூன் என்கிற நகரசபைக்குப் போகும். அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போகும். நாங்கள் பில்லுண்டில் இறங்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவரின் மேசையில் அது கிடக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் இவ்வளவும் என் தலைக்குள் ஓடிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "யா" என்றேன். ஓம், கண் டொக்டரிடம்தான்.

கிர்ஸ்டன் என்னைக் கட்டிப்பிடித்தார். ஓகூஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தனக்கு ஒரு தாதியைத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். படம் கீறும்போது உன்னை யன்னலோரம் வெளிச்சத்தில் இருத்துகிறேன் என்றார். பிறகு, சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்று. அவன் தன் கார்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறான். இனி எனக்குத் தேவையில்லை என்கிறான்."

வீட்டுக்கு வந்து உன் விளையாட்டுச் சாமான் தகரப்பேணியைத் திறந்து பார்த்தேன். சில்லு உடைந்த ஒரு லொறி மட்டும் கிடந்தது. நீ வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

"கார் எல்லாம் எங்கை அப்பன்?"

நீ டேனிஷில் சொன்னாய், யார் யாரிடம் எது இருக்கிறது என்று. சிவப்புக் கார், உனக்கு மிகவும் பிடித்தது, மிக்கெலிடம்.

"ஏன் குடுத்தனி?"

நான் தமிழில் கேட்டால் எப்போதும் டேனிஷில் பதில் சொல்கிறவன் நீ. அன்று தமிழில் சொன்னாய். "நாங்கள் போறம்தானே."

"போட்டு வருவம்தானே, குஞ்சு."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். சின்னப் பிள்ளைக்கு ஒன்றை விளக்கப்படுத்துகிற மாதிரிப் பார்த்தாய். "கண் டொக்டரிட்டைப் போனா வாறேல்லை" என்றாய்.

உன் மற்றச் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கக் குனிந்த நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சொல்லாதே என்று மட்டும்தான் இந்த முறை உனக்குச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. காரணத்தை நீயே உன்னிடம் இருந்ததிலிருந்து எடுத்துக்கொண்டாய். மகனே, உனக்கும் ஒருநாள் பிள்ளைகள் இருப்பார்கள். ஏதாவது ஒன்றை மறைக்கும்படி அவர்களிடம் சொல்ல நேர்ந்தால் காரணத்தையும் சேர்த்துச் சொல், பொய்க் காரணமாக இருந்தாலும் பரவாயில்லை. வெறும் பயத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது.

அப்பா வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நீர் யா எண்டனீரா?"

"ஓம்."

"பிள்ளைக்குக் கண் தெரியாது எண்டு ஒத்துக்கொண்டிட்டீர். நல்லது. இனி உமக்குக் காது கேக்காது எண்டு நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

பிறகு கார்களின் கதையையும் நீ சொன்ன பதிலையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. உடுப்பு மாற்றாமலே, கையில் மரத்தூளோடு, உன் அறை வாசலில் போய் நின்று நீ அந்த உடைந்த லொறியை உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமப்பா, விடுவம்" என்றேன். "ரிக்கற்றைத் திருப்பிக் குடுப்பம். இவனுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"இப்ப விட்டமெண்டால் இவன் என்னெண்டு விளங்குவான்? போயிருந்தால் வந்திருக்கமாட்டம் எண்டுதானே?" அப்பா குரலை உயர்த்தவில்லை. "இவன் தன்ரை சீவியத்திலை பாத்த பயணம் அது ஒண்டுதான். ஆக்கள் போட்டுத் திரும்பி வாறவையெண்டு அவனுக்கு ஆர் காட்டினது? நான் காட்டினனானே? நீர் காட்டினனீரே? கடலும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அந்த அறைக்கை ஒரு கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பம். ஆனா போட்டு வரவேணும்."

"வர விடாட்டி?"

அவர் எனக்குப் பொய் சொல்கிறவர் இல்லை. "விடுவாங்கள் எண்டுதான் நினைக்கிறன்" என்றார்.

அடுத்த நாள் காலை உன்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது தேசப்படப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. எனக்கு டேனிஷ் வராது, படம் என்றால் கைக்குப் பழக்கம், அவ்வளவுதான். கிர்ஸ்டனிடம், வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு வந்த வசனத்தைச் சொன்னேன். இவனுடைய கண்ணில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் விடுமுறைக்குப் போகிறோம். நான் பொய் சொன்னேன், பயத்தில் சொன்னேன்.

கிர்ஸ்டன் உன்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், "கண் நல்லாயிருக்கிறதா?"

"யா."

"எங்கே போகிறீர்கள்?"

"கோஸ்."

"கடவுளே, கோஸுக்கா? நான் போயிருக்கிறேன். அங்கே எனக்கு முதுகுத் தோல் உரிந்துபோனது" என்று சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். எதற்குப் பயந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கு என்னிடம் டேனிஷ் இல்லை. "இதை நான் எங்கும் எழுதப்போவதில்லை" என்று மட்டும், நான் கேட்காமலே சொன்னார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு வட்டமாக இருத்தினார். நான் நடுவில் முழங்காலில் இருந்து புத்தகத்தை விரித்தேன். இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஒரு படத்தை விரித்தது அதுதான் முதல் தடவை. இது டென்மார்க், இது ஹோர்சன்ஸ், இது கடல், இவ்வளவும் தீவுகள், இது கோஸ் என்று விரலால் காட்டினேன். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள். நீ மட்டும் அவர்களுக்குப் பின்னால் நின்றாய். உன் பார்வை படத்தில் இல்லை, என் வாயில் இருந்தது. அதை அம்மாவே சொல்கிறாரே, சொல்லலாமா என்று பார்த்தாய்.

மிக்கெல்தான் கேட்டான். தங்க நிற மயிர், மூக்கு எப்போதும் ஒழுகும். "நீங்கள் திரும்பி வருவீர்களா?" என்று என்னைக் கேட்டான். வேறு எந்தப் பிள்ளையிடமும் அப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டிருக்கமாட்டான். நீதான் அவனுக்கு ஏதோ சொல்லியிருக்கிறாய். கிர்ஸ்டனும் என்னைப் பார்த்தார். சட்டம் தெரியும், முத்திரை தெரியும், திரும்பி வரும் ரிக்கற் அப்பாவின் பையில் இருப்பது தெரியும். முன்பும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒரு கிழமை நின்றுவிட்டுச் சனிக்கிழமை வருகிறோம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "திங்கட்கிழமை இவன் இங்கே வருவான்."

மிக்கெல் எழும்பிப் போய்த் தன் பையைத் துழாவி, உன் சிவப்புக் காரை எடுத்துவந்து நீட்டினான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நீட்டினான். நீ அதைப் பார்த்தாய். என்னையும் ஒருமுறை பார்த்தாய். வாங்குவாய் என்று நினைத்தேன். நீ கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டேனிஷில், "நீயே வைத்திரு. திங்கட்கிழமை நான் வந்து வாங்குகிறேன்" என்றாய்.

மகனே, எங்கள் குடும்பத்தில் ஒருவர் புறப்படும்போது திரும்பி வரும் நாளைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ சொன்னாய், சொல்லிவிட்டு மறந்து விளையாடப் போய்விட்டாய். என்னால் அதைச் சுமந்துகொண்டு நிற்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்றும் பயண ஆவணங்களைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அந்தக் கடலில் காற்று எழும்பினால் வள்ளத்தில் ஏறவேமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எதிர்க்கரை தெரிகிற பக்கமாக இருந்து சாப்பிடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார். சிவம் அண்ணை பின்னேரம் வந்து, எங்கள் வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு, பூக்கன்றுகளுக்குத் தண்ணி ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம்.

திரும்பி வரவிட்டார்களா இல்லையா என்று நீ இதை வாசிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியாது. தெரியாமலேதான் விமானத்தில் ஏறப்போகிறேன். திங்கட்கிழமை காலை உன்னைக் கிர்ஸ்டனிடம் கொண்டுபோய் விடவேண்டும். மிக்கெல் காரோடு வாசலில் நிற்பான்.

அம்மா